கறுப்புக் கயிறு கட்டிய கல்

தெத்சுரோவுக்கு,

இன்று ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் நம் தோட்டத்துக்குத் தனியாகத்தான் போனேன். குளத்தில் இப்போது மேப்பிள் மரங்களைவிட டோக்கியோவின் கோபுரங்கள்தான் அதிகம் தெரிகின்றன.

மேட்டுப் பாதையை மூடி, கறுப்புக் கயிறு கட்டிய கல்லை வைத்திருந்தார்கள். அதைக் கண்டால் அதற்கு மேல் யாரும் போகமாட்டார்கள். நீயும் சின்ன வயதிலேயே அப்படியே நின்றுவிடுவாய். நான் கைத்தடியை ஊன்றித் தாண்டினேன்.

"ஏம்மா, கல்லு வச்சிருக்கே, கண்ணு தெரியலையா?" என்று கத்தினார் தோட்டக்காரர்.

"தெரிஞ்சதாலதாம்பா காலைத் தூக்கி வச்சேன்!"

விழவில்லை. மேலே உட்கார்ந்து, கொண்டுபோன சோற்றுருண்டைகளைத் தின்றுவிட்டுத்தான் இறங்கினேன்.

எனக்காக நீ பிடித்து வைத்திருக்கும் அந்த முதியோர் இல்லத்து அறையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை நீ வண்டியோடு வந்தால், என் வாசலில் அதேபோல் ஒரு கல் இருக்கும். கயிற்றையும் நானே கட்டிவிட்டேன்.

நீ தாண்டமாட்டாய். உன்னை வளர்த்தவள் நான்.

அம்மா