புதுப் பாஸ்வேர்ட்

வடமதுரை,
14.8.2004

உங்களுக்கு,

என் மெயிலைத் திறந்து படித்துவிட்டு, என்னிடம் கேட்காமல் அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறீர்கள். "மச்சான், ஒங்க தங்கச்சி மொகம் தெரியாத ஆளுகளுக்கு வீட்டுக் கதையெல்லாம் எழுதிக்கிட்டு இருக்கா" என்றீர்களாம்.

ஆமாம், எழுதினேன். பிள்ளைக்குத் தடுப்பூசி போடத் திண்டுக்கல் போன அன்று, "செத்த நேரம் நான் வச்சிருக்கேன், நீ போய்ட்டு வா" என்று அம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதினேன். பிள்ளை பெற்ற பெண்கள் மட்டும் எழுதிக்கொள்ளும் இணையக் குழு அது. பால் கட்டிக் காய்ச்சல் வந்ததையும், காரணமே இல்லாமல் அழுவதையும் அங்கேதான் சொல்ல முடிந்தது. ஈரோட்டுக்காரி ஒருத்தி, "நல்லாத் தூங்கறீங்களா? எனக்கும் இப்படித்தானுங்க இருந்துச்சு, டாக்டர்கிட்டச் சொல்லுங்க" என்று பதில் போட்டிருந்தாள்.

அதையும் படித்திருப்பீர்கள். காய்ச்சல் விட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

மெயில் படிக்க நேரம் இருந்தவருக்கு, பிள்ளையைப் பார்க்கத்தான் இரண்டு மாதமாக லீவு கிடைக்கவில்லை.

அந்த ஐடியைத் திறந்து கொடுத்தது நீங்கள். பாஸ்வேர்டாக உங்கள் பெயரையே வைத்தீர்கள். நேற்று அதை மாற்றிவிட்டேன். இப்போது அது நம் மகள் பிறந்த தேதி. தெரிந்தால் திறந்து படித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா