கொழுந்தன் சொல்லியனுப்பியது

அக்டோபர் 3, வியாழன்

இன்றைக்கு ஐந்து செய்தி. காலையில் மூன்று, சாயங்காலம் இரண்டு.

கிழிந்த வலையை நாளைக்கு எடுக்க வேண்டாம் என்று இவர் என்னிடம் சொன்னபோது, கொழுந்தன் பத்தடி தள்ளித் தண்ணீர்த் தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "கேட்டுச்சுன்னு சொல்லிடுங்க அண்ணி" என்றான். அது இவருக்கும் கேட்டது. ஆனாலும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "கேட்டுச்சாம்" என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனார். சம்பளமில்லாத தபால்காரி வேலை எனக்கு.

இரண்டு வருடமாக இந்தக் கூத்து. மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தபோது, உடனே படகில் போட்டு அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றான் கொழுந்தன். அலை பெரிதாக இருக்கிறது, கொஞ்சம் அடங்கட்டும் என்றார் இவர். அலை அடங்கியது. அதற்குள் மாமனாரும் அடங்கிவிட்டார். அடக்கம் முடிந்த கையோடு, தீவு முழுக்க நிற்கும்போது, "அப்பாவக் கொன்னது நீதான்" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னான். அதுதான் ஒருவருக்கொருவர் பேசிய கடைசிப் பேச்சு.

பிரிந்துபோகவும் வழியில்லை. இருபத்து மூன்று வீடு, ஆறு படகு. ஒவ்வொரு படகிலும் ஆள் நிரம்பியிருக்கிறது. எங்கள் படகில் என்ஜினுக்கு ஒருவர், வலை விட ஒருவர் வேண்டும். இவர் என்ஜின், அவன் வலை. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்ததுபோல் கடலைப் பிரிக்க முடியாதே. கடலில் நான் இல்லாததால் இவர் கையில் ஒரு குச்சி. படகின் பலகையில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் விடு. மாமியார் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் தட்டித் தட்டியே மீன் பிடிக்கிறார்கள் என்று கடைக்காரர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார்.

அக்டோபர் 5, சனி

அக்கரையிலிருந்து சரக்குப் படகு வரவில்லை. காற்று. கடையில் சோப்பு இல்லை. மகளுக்குச் சளி.

அக்டோபர் 9, புதன்

ஓரகத்தி துணி காயப்போட வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், எதையும் பட்டென்று கேட்பாள். "அக்கா, நீங்க ஒரு நாள் ஊமையா இருந்து பாருங்களேன். அப்ப என்ன பண்ணுவாங்க? பேசித்தானே ஆகணும்" என்றாள்.

சிரித்தேன். ஆனால் அவள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை? நல்ல யோசனைதான்.

அக்டோபர் 14, திங்கள்

மத்தியானம் இவரோடு சண்டை. மகளின் மருந்தை நர்ஸம்மாவிடம் வாங்கி வரச் சொன்னேன், மறந்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "உனக்கென்ன, நாள் முழுக்க வீட்ல சும்மாதானே இருக்க" என்றார். சும்மா. இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு வாயாக இருக்கிறேன், சும்மா இருக்கிறேனாம்.

சாயங்காலம் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் வந்து எதிரே குந்தினான். கத்தியை வாங்கி அவனே இரண்டு மீனுக்குச் செதிள் எடுத்தான். பிறகு, அண்ணனிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றான். நிறையச் சொன்னான், எல்லாவற்றையும் எழுத இப்போது அலுப்பாக இருக்கிறது. அப்பா விஷயத்தில் தான் பேசியது தப்பு என்றான். நாளைக்குக் கடலில் தானே அண்ணனோடு பேசப்போவதாகவும், முதலில் நான் சொல்லிவைக்க வேண்டும் என்றும் கேட்டான். கண் கலங்கியிருந்தது. "சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. இவர் சாப்பிட்டு எழுந்து படுக்கும்வரை முகத்தை உம்மென்று வைத்திருந்தார். நானும்தான். இரண்டு வருடம் காத்திருந்த செய்தி இன்னும் ஒரு நாள் காத்திருந்தால் என்ன? கொஞ்சம் வேகட்டும்.

அக்டோபர் 15, செவ்வாய்

நான் எழுந்திருப்பதற்குள் போய்விட்டார்கள்.

பத்து மணிக்குப் படகு திரும்பியது. கொழுந்தன் போய்விட்டான்.

அக்டோபர் 17, வியாழன்

நேற்று அடக்கம். இன்றைக்குத்தான் கை எழுதுகிறது.

இவர் நர்ஸம்மாவிடம் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். வலை ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கயிறு கொழுந்தனின் கணுக்காலில் சுற்றியிருந்ததைப் பார்த்திருக்கிறார். அவன் பார்க்கவில்லை. இவர் ஒரு தட்டு தட்டினார். என்ஜின் சத்தம், எதிர்க்காற்று, அவன் திரும்பவில்லை. மறுபடியும் தட்டினார். என்ஜினை நிறுத்துவதற்குள் கயிறு இழுத்துக்கொண்டு போய்விட்டது. தனி ஆளாக மொத்த வலையையும் இழுத்து, கடைசியில் தம்பியை இழுத்திருக்கிறார். உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லை.

"ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாமே" என்றார் நர்ஸம்மா. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை.

"வாய் வரல" என்றார் இவர்.

இரண்டு வருடம் கூப்பிடாத வாய். எங்கிருந்து வரும்? அன்றைக்கும் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார், அதைப் பார்த்து அவனும் பேச ஆரம்பித்திருக்க மாட்டான். ஆனால் அன்று காலை அந்த வாய் திறந்திருக்கும். நான் சொல்லியிருந்தால், கரையிலேயே ஒரு வார்த்தையாவது பேசித்தான் ஏறியிருப்பார்கள். பேசிக்கொண்டே போயிருப்பார்கள். கயிற்றைப் பார்த்ததும் டேய் என்று கத்தியிருப்பார். ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன். ஒரே ஒரு வார்த்தை. வாய்ல என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு எனக்கு.

மருந்துச் சண்டை மட்டும் காரணமில்லை. இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். அவர்கள் பேச ஆரம்பித்துவிட்டால் நான் யாருக்கு வேண்டும்? இந்த வீட்டில் என் வாயைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேர் நின்றது எனக்குப் பிடித்திருந்தது.

அக்டோபர் 19, சனி

ஓரகத்தியோடு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு இங்கே பிறந்த வீடு இல்லை, அக்கரைதான். அவள் அண்ணன் வந்து அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறான்.

"போய்டலாம்னுதான் தோணுது அக்கா. ஆனா ஒண்ணு மட்டும் தெரிஞ்சிக்கணும். திங்கக்கிழம உங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன்னார். ரெண்டு வருஷத்துல அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினார். மாமா என்ன பதில் சொன்னார்? படகுல பேசிக்கிட்டாங்களா? இல்ல, அந்தக் கோவத்தோடயேதான் அவர் போனாரா?"

மகள் கூப்பிடுகிறாள் என்று பொய் சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

இவரிடம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும்.

சொன்னால், தம்பி கோபத்தோடு சாகவில்லை என்று இவருக்குத் தெரியும். தம்பி சாகாமலே இருந்திருக்கலாம் என்பதும் தெரியும். ஒன்றை மட்டும் கொடுத்து மற்றதை மறைக்க வழியில்லை. கைக்கட்டை மாற்றும்போது இரண்டு முறை ஆரம்பித்தேன். "வலிக்குதா?" என்றுதான் வந்தது.

அக்டோபர் 23, புதன்

அவளே கேட்டுவிட்டாள். தன் அண்ணன் வருகிற படகுக்குப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, எங்கள் பக்கம் வந்து இவர் முன்னால் நின்றாள். நான் அடுப்படியில் இருந்தேன்.

"மாமா, அவர் அக்காகிட்ட சொல்லியனுப்பினாரே. தப்பு தன்மேலதான், நாளைக்குப் பேசறேன்னு. அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

இவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்திருக்கும். நான் கையில் இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

"வந்துச்சும்மா. இவ சொன்னா" என்றார் அவளிடம். "காலைல படகுல பேசிட்டோம். எல்லாம் சரியாயிடுச்சு."

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். இந்த எட்டு நாளில் இப்படி ஒரு அழுகையை அவளிடம் நான் பார்க்கவில்லை. பெட்டியை அவிழ்த்துவிட்டாள். அண்ணனை மட்டும் திருப்பி அனுப்பினாள்.

அவள் போன பிறகு திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். அடித்திருக்கலாம். கைக்கட்டை நனைக்காமல் எப்படிக் குளிப்பது என்று கேட்டார்.

அக்டோபர் 26, சனி

இவர் இன்னும் எதையும் கேட்கவில்லை.

அக்டோபர் 30, புதன்

தீவு முழுக்கத் தெரிந்துவிட்டது. அண்ணனும் தம்பியும் சமாதானமாகித்தான் கடலுக்குப் போனார்களாம். கடைக்காரர் என்னைப் பார்த்து, "உன்னாலதாம்மா அந்தப் புண்ணியம்" என்றார். சோப்பை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஓரகத்தி தினமும் மத்தியானம் இவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கிறாள். அவர் முதல்ல எப்படி ஆரம்பிச்சார்? சிரிச்சாரா? என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா? வாழ்நாளில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசாத மனுஷன். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கிறது. திணறுகிறார். சொன்னதையே சொல்கிறார். நேற்று, "நெனப்பில்லம்மா" என்று எழுந்து வந்துவிட்டார். அவள் சாப்பிடவில்லை.

நவம்பர் 2, சனி

சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். மகள் பள்ளிக்கூடத்து மைதானத்தில் விளையாடப் போயிருந்தாள்.

"அவன் என்ன சொன்னான்?" என்றார். "அவன் சொன்ன மாதிரியே சொல்லு. நீ எதையும் சேக்காத."

சொன்னேன். ஒரு எழுத்து மறக்கவில்லை, எப்படி மறக்கும்.

"அப்பா விஷயத்துல நான் பேசினது தப்பு அண்ணி. அன்னிக்கு அந்த அலையில நானா இருந்தாலும் படக எடுத்திருக்க மாட்டேன். அது எனக்கு அப்பவே தெரியும். யார்மேலயாவது போடணும்னு இருந்துச்சு, அண்ணன்மேல போட்டுட்டேன். நாளைக்கு நானே பேசறேன். அவர் மூஞ்சியத் திருப்பிக்காம இருந்தாப் போதும்னு சொல்லுங்க."

இவர் கண்ணில் இருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, துடைக்கக் கையில்லை. நான் துடைக்கப் போனேன். தலையை நகர்த்திக்கொண்டார்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். மூன்றாவது முறையும் கேட்டார். உதடு என்னோடு சேர்ந்து அசைந்தபோதுதான் புரிந்தது, மனப்பாடம் செய்கிறார்.

எழுந்து அந்தப் பக்கம் போனார். நான் பாத்திரத்தைத் தொடாமல் சுவரோரம் நின்றேன். முழுவதையும் சொன்னார், தடுமாறாமல், தம்பி எதிரே உட்கார்ந்து தன்னிடம் சொன்னதாக. அண்ணி என்ற இடத்தில் அண்ணே, அண்ணன்மேல என்ற இடத்தில் உன்மேல என்று மாற்றிக்கொண்டார், நாளைக்குப் பேசறேன் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

பிறகு ஓரகத்தி கேட்டாள். "அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க மாமா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் காத்திருந்தேன்.

"விடுடா, பரவால்லன்னேன்" என்றார். "வலையப் பாத்து விடுன்னேன்."

அது மட்டும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை.