துணி கட்டிய மரம்

ஏப்ரல் 9
அம்மா வேலை பார்க்கும் பிஷ்கேக் நகர மரத்துறைக்கு லாட்வியாவிலிருந்து இல்சே அக்கா வந்திருக்கிறார். ஊர் விட்டு ஊர் போய் மரம் பார்க்கக் கற்கிறார்களாம். அடுத்து அம்மா அங்கே போவாள்.

எங்கள் ஜன்னலோர எல்ம் மரத்தைச் சுத்தியால் தட்டினார். "காதை வச்சுக் கேளு."

அடியில் கெட்டியான சத்தம். நெஞ்சு உயரத்தில், யாரோ உள்ளிருந்து திருப்பித் தட்டியது போல.

"உள்ள ஒண்ணுமே இல்ல. காத்தடிச்சா இந்த அறை மேலதான் விழும்."

தங்கை சைகாலின் படுக்கை அந்தச் சுவரோரம்தான்.

ஏப்ரல் 10
வெட்டுவதற்கு அடையாளமாக இல்சே அக்கா மரத்தில் மஞ்சள் துணி கட்டிவிட்டார். அவர் ஊரில் அப்படித்தானாம். அம்மா அப்போது அலுவலகத்தில்.

ஏப்ரல் 11
வெட்ட வந்தவர்கள் ரம்பத்தை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. துணி கட்டினால் அது வேண்டுதல் மரம்; பிஷ்கேக்கில் எவன் தொடுவான்? மாலைக்குள் தெருவே வேண்டிக்கொண்டு துணி கட்டிவிட்டது.

"ஐயோ, அது வெட்டுறதுக்குக் கட்டினது!" என்று அம்மா கத்தினாள்.

பக்கத்து வீட்டு புர்மாகான் அத்தை அசரவில்லை. "யார் கட்டினா என்னடி? கட்டியாச்சு. இனி அது கேட்டுக்கிட்டிருக்கும்."

எது?

ஏப்ரல் 13
காற்று. போர்வைக்குள் எழுதுகிறேன். சமையலறையில் படுக்கிறோம் என்றதற்கு அப்பா சிரித்தார். "மரத்துக்குப் பயந்து அறையைக் காலி பண்ணணுமா? நல்ல கூத்து!"

சைகாலை என் பக்கம் இழுத்தேன். தூக்கத்தில் தள்ளிவிட்டாள். "விடுக்கா... அது பேசுது."

ஏப்ரல் 15
விடியுமுன் போய் எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிட்டேன். அவிழ்க்கக் கூடாது, தெரியும். எனக்கு என்ன வேண்டுமானாலும் ஆகட்டும், அவளுக்கு ஆகக்கூடாது.

துணிகளெல்லாம் ஈரம். மழையே பெய்யவில்லை. மரம் கசிந்திருக்கும். மரம்தான்.

ஏப்ரல் 16
துணி இல்லாததைப் பார்த்ததும் அம்மா ஆட்களைக் கூப்பிட்டாள். வெட்டிவிட்டார்கள். உள்ளே ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு வெறுமை. "இன்னொரு காத்து தாங்கியிருக்காது," என்றார் இல்சே அக்கா. அவிழ்த்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. புர்மாகான் அத்தை மட்டும் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நன்றாகத் தூங்கலாம் என்று படுத்தேன். சைகால் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறாள். பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு.

"ஏன்டி இப்படிப் படுத்திருக்க?"

"அதுக்கு இப்ப வீடு இல்லையேக்கா."