ஏழாவது கேள்வி

பிப்ரவரி 4

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் ஓரமாகப் போட்டுவிடுவாயோ என்று பயந்து, மேலே முகவரியை உன் அண்ணியை விட்டு எழுதச் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே. நீ, மாப்பிள்ளை, மருமகள் எல்லோரும் சுகம்தானே? மருமகளுக்குப் பதினாறு நடக்கிறது என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். இங்கே அண்ணிக்கு முழங்கால் வலி. எனக்கு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிற வலி.

விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியில் கட்டட வரைபடங்களை எல்லாம் இப்போது வேறெங்கேயோ போட்டு வாங்கிக்கொள்கிறார்களாம். இருபத்தெட்டு வருஷம் நான் குனிந்திருந்த மேசையை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். இனி அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அண்ணிதான் நூலகத்து அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அரசுப் பள்ளிகளுக்கு மாற்று ஆசிரியர்கள் வேண்டுமாம். எந்த டீச்சருக்காவது உடம்பு சரியில்லை என்றால் காலை ஆறு மணிக்குப் போன் வரும். அன்றைக்கு எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்று சொல்வார்கள், ஓட வேண்டும். கணக்குத் தெரிந்தவர்களுக்குத் தட்டுப்பாடாம். எனக்கு ஒரே குஷி. சாப்பாட்டு மேசை நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டு ஒத்திகை பார்க்கிறேன். உன் அண்ணி கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு என் பிராணனை வாங்குகிறாள். "சார், ஒண்ணுக்குப் போகணும்" என்று ஒரு பாடத்துக்குள் ஐந்து தடவை. போதாததற்குப் பக்கத்துக் காலி நாற்காலியைக் காட்டி, "சார், இவ என் பென்சிலை எடுத்துட்டா."

போலீஸ் சான்றிதழ் வந்துவிட்டது. டாக்டர் சான்றிதழும் ஆயிற்று. இன்னும் ஒன்றுதான் பாக்கி. என்னை நன்றாகத் தெரிந்த, பத்து வருஷமாவது வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் ஒரு படிவத்தை நிரப்பித் தர வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே ஆசிரியர் நீதான். ஏழே கேள்விகள். எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஏப்ரல் பத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஒன்பது வருஷம் கழித்து எழுதுகிறவன் உதவி கேட்டா எழுதுவான் என்று நீ நினைத்தால் அதுவும் நியாயம்தான். உனக்கு நன்றி சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும், நன்றி.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணா,

அண்ணியின் கையெழுத்து எனக்குத் தெரியாதா? உறையைப் பார்த்ததுமே அதற்குள் நீ இருக்கிறாய் என்று தெரிந்துவிட்டது. பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். நாங்கள் எல்லோரும் சுகம். உன் மேசையைத் தூக்கிக்கொண்டு போனதைப் படித்து எனக்கு அழுகை வந்தது. அண்ணி பென்சிலுக்காகச் சண்டை போட்டதைப் படித்துச் சிரித்தேன். நான் அழுது சிரித்ததைப் பார்க்கத்தான் அப்போது வீட்டில் ஆள் இல்லை.

படிவத்தில் முதல் ஆறு கேள்விகளை அப்போதே எழுதிவிட்டேன். "இவரை எவ்வளவு காலமாகத் தெரியும்?" பிறந்ததிலிருந்து. "நம்பகமானவரா?" இந்தக் கேள்விக்கு அவர்கள் விட்டிருந்த இடம் போதவில்லை. அம்மாவும் அப்பாவும் போனபோது எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதினெட்டு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நேர்காணலுக்குப் போகிற வழியில் என் செருப்பு அறுந்தது. உன் ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நீ வெறுங்காலோடு வாசலில் நின்றாய். படகு மாதிரி இருந்த அந்த ஷூவைத் தேய்த்துத் தேய்த்து நடந்து உள்ளே போனேன். இடம் கிடைத்தது. இன்றைக்கு நான் சாப்பிடுகிற சோறு நீ போட்டது அண்ணா. அதை எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன்.

ஆனால் நீ ஏழாவது கேள்வியைப் படித்திருக்க மாட்டாய். படித்திருந்தால் எனக்கு அனுப்பியிருக்க மாட்டாய். அப்படியே எழுதுகிறேன்: "உங்கள் சொந்தப் பிள்ளையை இவருடைய பொறுப்பில் தனியாக விட்டுச் செல்வீர்களா?"

விட்டுச் சென்றேனே. இவருக்கு ஆபரேஷன் என்று நான்கு நாள் உன் வீட்டில் விட்டேன். அவளுக்கு ஏழு வயது. திரும்பி வந்து பார்த்தபோது புறங்கையில் மர ஸ்கேலின் தடம் நீலமாக இருந்தது. கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு. அழித்து அழித்துத் தாள் கிழிந்தது என்று அடித்திருக்கிறாய். நான் கேட்டதற்கு நீ சொன்னாய், "அடிக்காம படிப்பு வருமா? உன்னையும் அப்படித்தானே ஆளாக்குனேன்?"

அது உண்மை. அதனால்தான் உன்னோடு சண்டை போடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், கணக்குப் பாடம் இருக்கிற நாளெல்லாம் அவளுக்குக் காலையில் வயிற்றுவலி.

"ஆம்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நான் கண்ணால் பார்க்காத பிள்ளைகளுக்காகப் போடுகிற கையெழுத்து இது. உன்னைப் பற்றி "இல்லை" என்று எழுதவும் கை வரவில்லை. படிவம் என்னிடமே இருக்கட்டும். எங்கள் பள்ளியில், மாற்று ஆசிரியராக வர நினைக்கிறவர்கள் சில நாள் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம். அங்கேயும் விடுவார்கள், கேட்டுப் பார். போய் உட்கார். சும்மா பார்.

உன் தங்கச்சி

*

மார்ச் 1

வாலு,

இதற்கு முன்னால் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதல் கடிதத்தில் உனக்காக நான் பட்ட பாட்டை எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தேன். உன் அண்ணி படித்துவிட்டு, "அவ கேட்டது ஒரே ஒரு கேள்வி. நீங்க வேற பரீட்சைக்குப் பதில் எழுதி வெச்சிருக்கீங்க" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கிளம்பி இங்கே பக்கத்துப் பள்ளிக்குப் போய் அனுமதி கேட்டேன்.

ஒன்பது வயதுப் பிள்ளைகள், முப்பத்தொரு பேர். டீச்சர் லீவு. மாற்று ஆசிரியராக வந்தவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. டீச்சர் அவளுக்கு ஒரு கோப்பு வைத்துவிட்டுப் போயிருந்தார். யார் எங்கே உட்காருவார்கள், யாருக்கு மூக்கில் ரத்தம் வரும், யார் கண்ணாடியை ஒளித்துவைப்பார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? பாதிப் பேர் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்கள். இவள் ஒரு பெயரைக் கூப்பிட்டால் வேறொருத்தி எழுந்திருக்கிறாள். நானாக இருந்தால் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சரி, இன்னிக்கு முழுக்க இந்தப் பேர்தான், மாத்தக் கூடாது" என்றாள். பத்து நிமிஷத்தில் அவர்களுக்கே அலுத்துப்போய் அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். நான் பின்னால் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

வகுப்பில் உட்கார்ந்த மூன்றாம் நாள் அந்த மாற்று டீச்சரே கூப்பிட்டு, ஒரு பெண் குழந்தையின் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். கழித்தல் கணக்கு. அதே கடன் வாங்குகிற கணக்குதான். குழந்தை எழுதுகிறாள், அழிக்கிறாள், எழுதுகிறாள், அழிக்கிறாள். தாள் கிழிந்தது. மேசையில் ஒரு ஸ்கேல் கிடந்தது. என் கை அதை நோக்கிப் போனது.

போனது தங்கச்சி. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? ஐம்பத்துமூன்று வயதில், முன்பின் தெரியாத பிள்ளையின் முன்னால், கை அதுபாட்டுக்குப் போனது. அவள் கணக்கைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். தன் கை இரண்டையும் மெதுவாக மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். "இதுல எது வரைக்கும் சரியா வந்துச்சு, காட்டு பாக்கலாம்" என்றேன். காட்டினாள். அங்கிருந்து பிடித்துக்கொண்டு போனோம். ஒரே ஒரு கணக்குக்கு நாற்பது நிமிஷம். எழுந்தபோது இரண்டு கையும் மரத்துப்போயிருந்தது.

மருமகளை நான் அடித்தது தப்பு. உன்னை அடித்து வளர்த்ததும் தப்பு. நீ கெட்டிக்காரி, அதனால் படித்தாய். என் அடியால் இல்லை. ஒன்பது வருஷம் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அறிவு அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியை நிரப்பாமல் விட்டாயே, அதற்கு உனக்குக் கோடி நன்றி. அண்ணன் முகத்துக்காக "ஆம்" என்று போட்டிருந்தால், நான் சந்தோஷமாகக் கிளம்பி ஏதோ ஒரு குழந்தையிடம் போய் நின்றிருப்பேன். படிவத்தைக் கிழித்துப் போடு. அலுவலகத்தில் நானே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன்

*

மார்ச் 8

அண்ணா,

எதையும் கிழிக்கவில்லை. நீயும் யாரிடமும் எதுவும் சொல்லிவைக்காதே.

உன் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு அழுதுகொண்டு இருந்தேன். உன் மருமகள் எடுத்துப் படித்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. அடி வாங்கியவள் அவள்தானே. முழுவதும் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தாள். அப்புறம் சொன்னாள், "எனக்கு டிரிக்னாமெட்ரி சுத்தமா புரியலம்மா. மாமாவைச் சனிக்கிழமை வரச் சொல்லு. எனக்கு இன்னும் பயமா இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியல. வந்தா தெரிஞ்சுடும்."

முதல் பஸ்ஸில் வா. அண்ணியின் காலை அலைக்கழிக்காதே, நீ மட்டும் வா. இவருக்குச் சனிக்கிழமை வேலை. நாங்கள் இருப்போம்.

உன் தங்கச்சி

*

மார்ச் 24

வாலு,

இரண்டு சனிக்கிழமை உன் வீட்டில் சாப்பிட்டதில் சட்டைப் பொத்தான் இறுக்குகிறது. சாப்பாட்டுக்கு நன்றி, கதவைத் திறந்ததற்கு நன்றி. உன் அண்ணி, "இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு தடவை சொல்லலியே" என்று முணுமுணுக்கிறாள். அவளுக்கும் சொல்லிவிட்டேன். "போதும் போதும்" என்று உள்ளே போய்விட்டாள்.

மருமகள் என்னைவிட உயரம்! வாசலில் அவளைப் பார்த்ததும் நாற்காலிகளின் முன்னால் ஒரு வாரம் பழகிவைத்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று. "தப்பு பண்ணிட்டேம்மா", அவ்வளவுதான் வந்தது. அவள் "ம்" என்றாள். "ஷூவைக் கழட்டுங்க மாமா, இப்பத்தான் தரை துடைச்சேன்" என்றாள். நோட்டை எடுத்தாள்.

முந்தாநாள் ஒரு கணக்கை மூன்றாவது தடவையும் அதே இடத்தில் தப்பாகப் போட்டாள். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. வாயைத் திறக்கப் போனேன். நிமிர்ந்து பார்த்து, "கையைத் தொடைக்கு அடியில வைக்கலியா மாமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு பீறிட்டது, அவளுக்கும் தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தோம். அப்புறம் அந்தக் கணக்கு வந்துவிட்டது.

எல்லாவற்றையும்விட ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு தடவையும் நீ பையை எடுத்துக்கொண்டு, "காய்கறி வாங்கிட்டு வந்துடறேன்" என்று இரண்டு மணி நேரம் எங்களைத் தனியாக விட்டுப் போனாய். கதவு சாத்துகிற அந்தச் சத்தம். அந்த ஒன்று எனக்குப் போதும். படிவத்தில் உன் மனசு சொல்வதை எழுது. எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

அண்ணன்

*

மார்ச் 30

அன்புள்ள அண்ணா,

நேற்று நீ பஸ் ஏறிப் போனதிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று கை பரபரக்கிறது. திட்டாமல் முழுவதும் படி.

முதல் இரண்டு சனிக்கிழமையும் நான் காய்கறி வாங்கப் போகவில்லை. முதல் வாரம் எதிர்க் கட்டடத்தின் மாடிப்படியில் நின்று இரண்டு மணி நேரமும் எங்கள் வீட்டுச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது முனைக் கடையில் நான்கு தக்காளி வாங்கினேன். நீ பையை எட்டிப் பார்த்து, "இவ்வளவு நேரம் போயி இவ்வளவுதானா?" என்று கேட்டாய். "எல்லாம் வாடிக் கிடக்கு" என்று சொன்னேன். நீ அதை நம்பி அந்தக் கடைக்காரரைத் திட்டினாய். பாவம் அந்த மனுஷன்.

இரண்டாவது வாரமும் அதே படியில்தான் நின்றேன். திடீரென்று அவள் சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று எனக்குப் புரியவில்லை. தெருவைத் தாண்டி, மூன்று மாடி, எப்படி ஏறினேன் என்று தெரியாது. கதவுக்கு வெளியே வந்த பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். நீ நன்றி சொல்லி எழுதியபோது எனக்கு வெட்கமாகப் போயிற்று. செய்யாத காரியத்துக்கு நன்றி வாங்கிக்கொண்டேன்.

நேற்றும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எதிர்ப் படியில் ஐந்து நிமிஷம் நின்றேன். அப்புறம் நடந்தேன். கடைத்தெருவுக்கே போனேன். அங்கே என்னோடு பயிற்சிக் கல்லூரியில் படித்தவளைப் பார்த்தேன். டீ குடித்தோம், இன்னொரு டீ குடித்தோம், பழைய கதை எல்லாம் பேசிச் சிரித்தோம். அவள் தன் கடிகாரத்தைப் பார்த்து "ஐயையோ" என்றபோதுதான் எனக்கும் நேரம் தெரிந்தது. மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அந்த மூன்றரை மணி நேரத்தில் உங்கள் இரண்டு பேர் நினைப்பு எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை அண்ணா. வீட்டில் பிள்ளையை யாரிடம் விட்டுவந்தேன் என்பதே மறந்துபோயிருந்தது.

இன்று காலை ஏழாவது கேள்விக்கு "ஆம்" என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டு, அலுவலகத்துக்கே நேராகத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

உன் தங்கச்சி