ஆணியில் கட்டிய சோப்பு

சித்தூர், வெள்ளி இரவு.

நான்கு குடித்தனத்துக்கும் ஒரே குளியலறை. வைத்த சோப்பு காணாமல் போகிறதென்று, என்னுடையதில் துளைபோட்டு ஆணியில் கயிற்றால் கட்டிவிட்டேன். "சோப்புக்கும் மூக்கணாங்கயிறா?" என்று இவர் சிரித்தார்.

இன்று மத்தியானம் எதிர்க் குடித்தனத்து விமலா வந்து கண்ணைக் கசக்கினாள். ஆந்திரா பிரிந்ததும் திருப்பதிக்கு மாற்றலாகிப் போன அவள் புருஷன் வாங்கித் தந்த சந்தன சோப்பாம். "யாரோ எடுத்துக்கினு போய்ட்டாங்கக்கா."

அவளுக்கு மட்டும் எல்லாம் திருப்பதியிலிருந்து வரும்.

"என்னாட்டம் கட்டி வெச்சிருந்தா போயிருக்குமா?" என்றேன். மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்த இவர் அயர்ந்து தூங்குகிறார். விசிறலாமென்று பக்கத்தில் உட்கார்ந்தேன். முதுகெல்லாம் சந்தனம் மணக்கிறது.

விளக்கோடு போய்ப் பார்த்தேன். என் சோப்பு ஆணியில் பத்திரமாகத் தொங்குகிறது. ஈரமே படவில்லை.