யூனிஸுக்கு வைத்த பொட்டு

சித்தூர்
4-3-1967

அன்புள்ள அம்மாவுக்கு,

தாட்சாயணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் இரண்டு கோழிகளும் நலம். நீங்கள் திருப்பதிக்குப் பஸ் ஏறி ஐந்து நாள் ஆகிறது. வீடு அதற்குள் பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது. கண் ஆஸ்பத்திரியில் சாப்பாடு எப்படி? காரமாக இருந்தால் தயிரைக் கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். கூச்சத்துக்கு நான் ஒருத்தி போதும்.

நீங்கள் சொன்னபடி, நீங்கள் வரைந்த படங்களை உலர்ந்த துணியால் துடைக்கிறேன். ஜமீன் வீட்டு அம்மாக்கள் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். நானும் அவர்களிடம் பேசுகிறேன். மனுஷர்களிடம் பேசுவதைவிடச் சுலபம். பால்காரர் செங்கல்வராயன், "உள்ளே யாராண்ட பேசிக்கினு இருக்கே?" என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஒருத்தருமில்ல" என்றேன்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கட்டிலுக்கு எதிரே தனியாக மாட்டியிருக்கும் அம்மா யார்? வெள்ளைப் புடவை, நகை இல்லை, முகமெல்லாம் அம்மை வடு. காலையில் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பீர்கள். இங்கு வேலைக்கு வந்து இரண்டு வருஷமாகக் கேட்க நினைக்கிறேன். நேரில் வாய் வரவில்லை.

ஆறாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள் எழுதுகிறேன். பிழைகளைப் பொறுக்கவும்.

உங்கள்
தாட்சாயணி


திருப்பதி
9-3-1967

அருமை தாட்சாயணி,

கர்த்தர் உன் கூடவே இருப்பாராக. உன் கடிதத்தை நர்ஸ் படித்துக் காட்டினாள். இதை நானே எழுதுகிறேன். வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் பிரித்துப் படித்துக்கொள். இருபதாம் தேதி ஆபரேஷன். இடது கண் போய்விட்டது உனக்குத் தெரியும். வலதும் தேறாவிட்டால் அவ்வளவுதான் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

அவள் பெயர் யூனிஸ். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். 1912இல் நான் சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்தேன். ஆண்கள் முன்னால் வந்து உட்காராத பெரிய வீட்டுப் பெண்கள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். நகரி, புத்தூர், நெல்லூர் என்று வண்டியிலும் ரயிலிலும் போவேன். பிறகு யூனிஸ் வந்து சேர்ந்தாள். லீவு நாட்களில் வர்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வருவாள். வரையும்போது அந்தப் பெண்களின் முகம் விறைத்துப்போகாமல் ஏதாவது பேசிச் சிரிக்க வைப்பாள். பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம்.

காசு கொடுத்தவர்களின் மருவை எடுத்தேன், மூக்கைச் சிறிதாக்கினேன். பெயர் வந்தது. யூனிஸை மட்டும் உள்ளபடி வரைய ஆசைப்பட்டேன். "வடுவை வரையாம விட்டுடு கிருபா" என்றாள். சரி என்று சொல்லிவிட்டு, வடுக்களோடு வரைந்தேன். சென்னைக் கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது. கூட்டத்தில் இரண்டு பேர் அந்த முகத்தைப் பார்த்துச் சொன்னதை அவள் பின்னால் நின்று கேட்டாள். அன்றே வேலூருக்குப் போய்விட்டாள். அது 1931. அதற்குப் பிறகு எனக்கு முகங்களைத் திருத்தக் கை வரவில்லை. திருத்தாத முகங்களை யாரும் வாங்கவில்லை. தையல் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தேன்.

கிறிஸ்துமஸ்தோறும் எழுதுவேன், பதில் வராது. போன வாரமும் அவளுக்கு எழுதினேன். "கண் போகும் முன் உன்னை ஒருதரம் பார்க்க வேண்டும், வர மனமில்லையென்றால் சித்தூர் வீட்டில் உன் படம் இருக்கிறது, எடுத்துக்கொள், எரித்தாலும் சரி" என்று. அவள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளியாதே. காப்பி கொடு. கேட்டால் படத்தைக் கொடுத்துவிடு.

உன்
கிருபாபாய்


சித்தூர்
12-3-1967

அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று, சனிக்கிழமை வந்தது. அந்த யூனிஸ் அம்மா வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார்கள்.

எங்கள் பிச்சாட்டூர் பக்கம் செத்தவர்களைத்தான் படமாக மாட்டுவார்கள். அம்மை வந்த முகத்தை அம்மவாரு, மாரியாத்தா, இறங்கிய முகம் என்று கும்பிடுவார்கள். நீங்கள் காலையில் பார்க்கிற அந்த அம்மா, அம்மை வந்து இறந்துபோன உங்கள் உறவு என்று நானே முடிவு செய்துகொண்டேன். நீங்கள் இருக்கும்போது பயம். நீங்கள் போன பிறகு, வெள்ளிக்கிழமைகளில் படத்தின் நெற்றியில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கனகாம்பரம் சாத்தினேன். அன்று கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"யாருக்குடி பூஜை?"

"செத்துப்போன அம்மாவுக்கு."

"எப்போ செத்தாங்க?"

"தெரியலம்மா. அம்மவாரு வந்துதான் போயிருப்பாங்க. மொகம் பூரா இருக்குது பாருங்க."

"இந்த மொகமா?"

திரும்பினேன். தட்டு கீழே விழுந்தது.

"நெருப்பை மிதிச்சு அணை மொதல்ல. அப்பறம் செத்துப்போனவளுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடு."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். "கிறிஸ்தவளுக்குக் குங்குமமா? கிருபா செய்யச் சொன்னாளா?"

"இல்லம்மா. தெரிஞ்சா தொரத்திடுவாங்க."

"அப்பறம் ஏன்டி செஞ்சே?"

"இந்த மொகத்தைப் பாத்தா எனக்கு வெக்கமே வர்றதில்லம்மா. இவங்களாண்டதான் தெனம் பேசிக்கினு இருப்பேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தின் கிட்டே போய் நெடுநேரம் நின்றார்கள். "ஒண்ணு விடாம எண்ணி வெச்சிருக்கா பாவி. நானே இப்படிப் பாத்ததில்ல" என்றார்கள். முந்தானையைத் தண்ணீரில் நனைத்துப் பொட்டைத் துடைத்தார்கள். சிவப்பு முழுதாகப் போகவில்லை. படத்தைக் கேட்கவில்லை. உங்களுக்கு என்றைக்கு ஆபரேஷன், கண்ணில் எத்தனை நாள் கட்டு இருக்கும் என்று மட்டும் கேட்டார்கள். காப்பி போடுவதற்குள் போய்விட்டார்கள்.

முப்பத்தாறு வருஷம் கழித்து வந்தவரை நான் செத்தவராக்கி அனுப்பிவிட்டேன். ஊருக்குப் போ என்று சொன்னால் போய்விடுகிறேன்.

தாட்சாயணி


சித்தூர்
24-3-1967

அம்மாவுக்கு,

ஆபரேஷன் முடிந்து நாலு நாள் ஆகிறது. பதில் இல்லை. கண்ணில் கட்டு இருப்பதால்தான் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். திட்டியாவது யாரையாவது விட்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். தபால்காரரை இப்போது வாசலில் நின்று நானே கேட்கிறேன்.

தாட்சாயணி


திருப்பதி
27-3-1967

அருமை தாட்சாயணி,

கண்ணில் கட்டு இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் யூனிஸ். வியாழக்கிழமை வந்தாள். ஒன்றும் பேசாமல் என் நெற்றியில் கை வைத்தாள். யார் கை என்று தெரிந்துவிட்டது.

நீ எங்கும் போக வேண்டாம். நர்ஸ் படிக்காமல் வைத்திருந்த உன் கடிதத்தை இவள்தான் படித்துக் காட்டினாள், தன் பேச்சு வருகிற இடமெல்லாம் நான் இப்படிச் சொல்லவே இல்லை என்று சொல்லிக்கொண்டு. (பாவி என்று சொன்னது மட்டும் நிஜம். - யூ.)

இவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு? வரைஞ்சதுக்கா, ஊருக்குக் காட்டினதுக்கா?" என்றாள். காட்டினதற்கு என்றேன். வரைந்ததற்குக் கேட்க மாட்டேன். (இதை எழுத மாட்டேன் என்றேன். எழுது என்கிறாள்.)

நாளைக் காலை எட்டு மணிக்குக் கட்டை அவிழ்க்கிறார்கள். அதற்கு முன்பே போய்விடுவாளாம். நான் பார்க்க முடியாது என்பதால்தான் வந்தாளாம். "ஒரே ஒருதரம் உன்னைப் பார்த்துவிடுகிறேன்" என்று இவளிடம் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

உன்
கிருபாபாய்


28-3, காலை

தாட்சாயணி,

கிருபா இன்னும் எழுந்திருக்கவில்லை. இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு ஏழு மணி வேலூர் பஸ்ஸில் போவதாக இருந்தேன். பையைக்கூடக் கட்டி வைத்துவிட்டேன். இப்போது மணி ஏழே முக்கால். அவளுக்குப் பார்வை வருமோ வராதோ தெரியாது. நாற்காலியை ஜன்னல் பக்கமாக இழுத்து, முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

யூனிஸ்