அடி பட்டது, ஏழு புள்ளி

மார்ச் 7, சனி

மதியம் வழக்கம்போல் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பகடை உருட்டிக் கதையாகவே ஆடும் எங்கள் சனிக்கிழமை விளையாட்டு. தங்கை, அவள் கணவர், மருந்துக்கடைக்காரர் மூவரும் ஆளுக்கொரு வீரர். அரக்கன் முதல் வழிப்போக்கன் வரை மற்றதெல்லாம் நான். கதையை நடத்துவது நான். வெற்றி தோல்வியைச் சொல்வது பகடை.

குகைச் சண்டை முடிந்ததும் தங்கை மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, கோவிச்சுக்காதே. சண்டை வந்தாலே எனக்குத் தூக்கம் வருது. 'அடி பட்டது, நாலு புள்ளி. அடி பட்டது, ஏழு புள்ளி.' இன்னைக்கு மட்டும் பதினொரு தடவை சொன்னே."

எண்ணியிருக்கிறாள்! கணக்கு டீச்சர் புத்தி எங்கே போகும்?

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "நான் வேணா கொஞ்ச நாள் நடத்திப் பாக்கட்டுமா அக்கா?" என்றார். மருந்துக்கடைக்காரர் தன் தாளில் வீரனுக்கு மிச்சமிருக்கும் உயிர்ப் புள்ளியைக் கழித்துக்கொண்டிருந்தார், தலையே நிமிரவில்லை. இருபத்தொன்றாம் தேதி பாலத்துச் சண்டை முடிந்ததும், இனி யார் நடத்துவது என்று ஓட்டெடுப்பு வைப்பதாகப் பேசி முடித்தார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

மூன்று வருடமாக நான் கட்டிய கதை. தரமாட்டேன்.

மார்ச் 14, சனி

மானம் போயிற்று. வாரம் முழுக்க உட்கார்ந்து சத்தங்களாகப் பொறுக்கி வைத்திருந்தேன். சதக், நறுக், தொப், படார். ஓநாய்க் கூட்டம் வந்ததும் ஒன்றுவிடாமல் எடுத்து வீசினேன். "வாள் நறுக்கென்று இறங்குகிறது! கால் நறுக்! வால் நறுக்!"

மாப்பிள்ளை மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார். "அக்கா, இது சண்டையா, காய் நறுக்கறதா?"

நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

மார்ச் 15, ஞாயிறு

பேசாமல் கொடுத்துவிடலாமா?

மார்ச் 18, புதன்

பட்டறையில் இடிபட்ட கார் ஒன்றைப் பார்க்கப் போனேன். காப்பீட்டுக்கு விபத்து வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதுவதுதானே என் பிழைப்பு. லாரி வந்து இடித்தது என்று சாதித்தார் வண்டிக்காரர். எனக்குப் பொறுக்கவில்லை.

"லாரியா? லாரின்னா மேலேருந்துல்ல அமுக்கியிருக்கும்? இது கீழேருந்து மேலே கிழிச்சிருக்கு பாருங்க. பின்னாடி வரும்போது குட்டையா ஒரு கல் தூண். முதல்ல தட்டிச்சு, நீங்க பயந்து இன்னும் அழுத்துனீங்க, கதவு உள்ளே மடங்கி சீட்டைத் தொட்டுடுச்சு. அப்புறம் இந்தப் பக்கம் இறங்க முடியாம அந்தப் பக்கமா இறங்கினீங்க. சரியா?"

அவர் மெல்லத் தலையாட்டினார். தகடு நிமிர்த்தும் டிங்கர், "கூட உக்காந்து வந்த மாதிரி சொல்றீங்களே மேடம்!" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே யோசனை. இதே வாய்தானே சனிக்கிழமை 'அடி பட்டது' என்கிறது? அடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எதை மடக்கியது, அதற்குப் பிறகு எது அசையவில்லை — இதைச் சொன்னால் போதாதா? அட மண்டு, இத்தனை நாள் கையில் வைத்துக்கொண்டே தேடியிருக்கிறேன்.

மார்ச் 21, சனி

முறையாக எழுதப் பார்க்கிறேன்.

குறுகலான தொங்குபாலம். நடுவில் மருந்துக்கடைக்காரரின் காவலன், எதிரே துரத்தி வந்த அரக்கன், காவலனுக்குப் பின்னால் மற்ற இருவர். பகடை விழுந்தது. ஏழு புள்ளி. அவர் வழக்கம்போல் கழிக்கப் பென்சிலை எடுத்தார். நான் சொன்னேன்:

"தண்டாயுதம் கீழேருந்து ஏறி வருது. உங்க கேடயத்தோட அடி விளிம்பு மடங்கி முழங்கையில குத்துது. இடது கை இனிமே தூக்க வராது. உங்க காலடிப் பலகை ஆட ஆரம்பிச்சிடுச்சு. என்ன பண்றீங்க?"

பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "தூக்கவே முடியாதா?" என்றார். தன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார் அந்த மனுஷர்!

அதன் பிறகு யாரும் புள்ளியைப் பற்றிப் பேசவில்லை. "கேடயத்தை விட்டுடறேன். நீங்க ரெண்டு பேரும் அக்கரைக்கு ஓடுங்க, நான் இவனை நிறுத்தறேன்," என்றார். தங்கை, "ஐயோ, வேணாம், வந்துடுங்க!" என்று கத்தினாள். கடைசிப் பகடையும் அவருக்கு எதிராக விழுந்தது. நான் குரலை உயர்த்தவில்லை. "அவன் கத்தல. காலடிப் பலகை மளுக்குன்னுச்சு. அவ்வளவுதான்." ஒரே ஒரு சத்தம், அது போதுமாக இருந்தது.

செருப்பை மாட்டும்போது மாப்பிள்ளை, "அடடா, ஓட்டெடுப்பு..." என்று இழுத்தார். "இனி என்ன ஓட்டு? நடங்க," என்றாள் தங்கை.

பெருமையாக இருக்கிறது. எழுதிவிட்டேன், அந்த வரியை அடித்துவிடப் போவதில்லை.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் மருந்துக்கடைக்காரர் போன். ஆளைக் கொன்றதற்குச் சண்டை பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"மேடம், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். என் ஆள் செத்ததை வீட்ல ஒரு தடவை சொல்லுங்க. நான் சொன்னா மருந்துச் சீட்டு படிக்கற மாதிரி வருது."

முதலிலிருந்து சொன்னேன். முடிந்ததும் அவர் மனைவி கேட்டார்: "அப்ப மத்த ரெண்டு பேரும் பொழச்சுட்டாங்களா?"

"பொழச்சுட்டாங்க. உங்க வீட்டுக்காரராலதான்."

மருந்துக்கடைக்காரர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பேசினார்.

"அடுத்த சனிக்கிழமைக்குப் புது ஆள் எழுதியாச்சு மேடம். இவனும் சாகறதா இருந்தா உங்க வாயாலதான் சாகணும்."